தொழில் மாற்றமும் மனநிறைவும்



முப்பத்து மூன்று ஆண்டுகள் பள்ளிக்கூடங்களில் கழித்தவன் நான். அவற்றுள் கடைசிப் பதினோர் ஆண்டுகள் தலைமையாசிரியனாக இருந்தேன். எந்தத் தொழிலை மேற்கொள்வது, மேற்கொண்ட தொழில் மனத்துக்கு ஒவ்வாவிடின் என் செய்வது என்பதைப் பற்றி உங்களுக்குச் சில சொற்கள் கூறுமாறு வானொலி நிலையத்தார் கேட்டபோது சற்றுத் தயங்கினேன். தயக்கத்துக்குக் காரணம் உண்டு. இதே பொருளைப் பற்றி என் மாணவன் ஒருவனுக்கு ஒரு காலத்தில் நான் கூறிய அறிவுரை குறையுடையதாகப் போயிற்று. அதனை முதலில் ஒப்புக்கொண்டுவிட்டு மேலே செல்வதே முறையெனக் கருதுகிறேன்.

அந்த மாணவன் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்த குடியானவர் ஒருவரின் மகன். பத்தாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் பெற்றான். வீட்டார் அவனை ஒரு பாலிடெக்னிக்கில் எந்திரவியல் படிக்கச் சேர்த்தனர். முதற் பருவம் முடிந்து ஊருக்கு வந்தவன் நேரே என் அறைக்கு வந்து நின்றான். “ஐயா, அந்தப் படிப்பு என் மனத்தில் ஒட்டவில்லை. எனக்குத் தோட்டந்தான் பிடிக்கிறது. விட்டுவிட்டு வந்துவிடட்டுமா?” என்று கேட்டான். என் மேசைமேல் அன்று பதிவேடுகள் குவிந்து கிடந்தன. நான் தலையை நிமிர்த்தி அவனை ஒருமுறை பார்த்தேன். “தம்பி, தொடக்கத்தில் எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும், பொறுத்துக்கொள்” என்று சொல்லி அனுப்பிவிட்டேன். ஏன் ஒட்டவில்லை, எது கசக்கிறது என்று ஒரு சொல் கேட்டேனில்லை.

அவன் என் சொல்லைத் தட்டவில்லை. படிப்பை முடித்தான். வெளியூரில் ஒரு தொழிற்சாலையில் ஏழாண்டு வேலை பார்த்தான். பின்னர் அத்தொழிற்சாலை மூடப்பட்டது. ஊருக்குத் திரும்பித் தோட்டத்தில் இறங்கினான். இன்று தன் வாழைத்தோட்டத்தைப் பார்த்துக்கொள்வதோடு, சுற்றுப்புறத்துக் குடியானவர்களின் நீரிறைக்கும் மோட்டார்களையும் சொட்டுநீர்க் குழாய்களையும் பழுது பார்த்துக் கொடுக்கிறான். நல்ல பெயர் எடுத்திருக்கிறான். வருவாயும் போதுமானதாக இருக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன் அவன் என்னைக் காண வந்தான். நலம் விசாரித்துக்கொண்டிருந்தபோது, “பார்த்தாயா தம்பி, அன்று பொறுத்துக்கொள் என்றேனே, அது எவ்வளவு உதவியாயிற்று” என்று நான் பெருமையாகக் கூறினேன். அவன் சற்று நேரம் பேசாதிருந்தான். பிறகு, “ஐயா, தாங்கள் சொன்னபடி பொறுத்துக்கொண்டேன். ஆனால் பொறுத்துக்கொண்டதைத் தவிர வேறொன்றும் செய்யவில்லை. எப்போது வெளியே போவோம் என்று நாளை எண்ணிக்கொண்டே இருந்துவிட்டேன். பக்கத்தில் முப்பது ஆண்டு அனுபவமுள்ள பெரியவர்கள் இருந்தார்கள். அவர்களிடம் கேட்டுக் கற்றிருக்க வேண்டியதைக் கற்கவில்லை. இப்போது ஒரு மோட்டாரைப் பிரிக்கும்போதெல்லாம் அதை நினைத்துக்கொள்கிறேன்” என்றான். குற்றம் சாட்டும் குரலில் அவன் இதைச் சொல்லவில்லை. ஆதலால்தான் அச்சொற்கள் என் நெஞ்சில் தங்கிவிட்டன.

நிற்க. என் மாணவனுக்கு வந்த இடர் இன்று உங்களுள் பலருக்கும் வரக்கூடியது. எங்கள் தந்தையார் காலத்தில், ஒருவர் இருபது வயதில் ஓர் அலுவலகத்தில் நுழைந்தால் ஐம்பத்தைந்து வயதில் மாலை மரியாதையோடு அதே வாயில் வழியாக வெளியே வருவார். இடையில் தொழில் மாறுவது அரிய செயல். சில வீடுகளில் அது பழிக்குரிய செயலாகவுங்கூடக் கருதப்பட்டது. இப்போதோ, நாம் மாறாவிட்டாலும் தொழில் நம்மை விட்டு மாறிவிடுகிறது. நான் இளைஞனாக இருந்த நாளில் தந்தி அலுவலகப் பணி மதிப்புள்ள பணி. ‘கட்டுக் கடகட’ என்னும் அந்த ஒலியைக் கேட்டே செய்தியை எழுதிவிடும் வல்லுநர்களை நான் வியந்து பார்த்திருக்கிறேன். 2013-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் நம் நாட்டில் தந்திச் சேவையே நிறுத்தப்பட்டுவிட்டது. தெருத்தோறும் இருந்த தட்டச்சுப் பயிற்சி நிலையங்களின் நிலையும் உங்களுக்குத் தெரிந்ததே. ஆகவே, வாழ்நாளில் இரண்டு மூன்று பணிகளையேனும் பார்க்க நேரும் என்று எண்ணியே நீங்கள் புறப்படுதல் வேண்டும். அப்படியாயின், ஒன்றை விட்டு ஒன்றுக்குச் செல்லும்போது எதை விடுவது, எதை உடன்கொண்டு போவது? பிடிக்காத பணியில் எத்தனை நாள் இருப்பது? இவற்றுக்கு விடை காண, ஒரு பெரியாரின் வாழ்க்கையை உங்கள் முன் வைக்கிறேன்.

அப்பெரியார் எஸ். ஆர். அரங்கநாதனார். 1892-ஆம் ஆண்டு சீர்காழியில் பிறந்தவர்; ஆறு வயதிலேயே தந்தையை இழந்தவர். சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் கணிதம் பயின்று முதுகலைப் பட்டம் பெற்றார். பிறகு சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரியில் பயிற்சி பெற்றார். இளமையில் அவருக்குத் திக்குவாய் இருந்தது. எனினும், நாள் முழுவதும் பேச வேண்டிய ஆசிரியத் தொழிலையே அவர் மேற்கொண்டார். மங்களூரிலும் கோயம்புத்தூரிலும் கணிதம் கற்பித்த பின், சென்னை மாநிலக் கல்லூரிக்கு வந்து சேர்ந்தார்.

நானும் அதே சைதாப்பேட்டைக் கல்லூரியில் பல்லாண்டுகளுக்குப் பின் பயின்றவன். அங்கே எங்கள் விரிவுரையாளர் ஒருவர் இவ்வரலாற்றைக் கூறினார். நான் அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். தேர்வுக்குப் பின் மறந்துவிட்டேன். கொடிக்கால்காரர் மகன் என் முன் வந்து நின்ற அன்று அது என் நினைவுக்கு வந்திருக்குமாயின், அவனுக்கு வேறு விடை கூறியிருப்பேன்.

1924-ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் அரங்கநாதனார் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகராகப் பதவி ஏற்றார். அவர் அப்பதவிக்காக ஏங்கிக் கிடந்தவர் அல்லர். கல்லூரி ஆசிரியர்க்கு அந்நாளில் ஊதியம் குறைவு, நூலகர் பதவிக்கு ஊதியம் மிகுதி, நண்பர்களும் வற்புறுத்தினார்கள். நூலகக் கலையில் அவருக்குப் பயிற்சி ஏதும் இல்லை. பதவியில் அமர்ந்த பிறகுதான் அதன் தன்மை தெரிந்தது. வகுப்பறையில் நூறு கண்கள் நோக்க நின்று பழகியவருக்கு அங்கே பேசுவதற்கு ஆளில்லை. நூல்கள் இருந்தன, நாடி வருவோர் மிகச் சிலர். பொழுது நகரவில்லை. தனிமை தாங்க முடியவில்லை. சில நாள்களுக்குள்ளேயே அவர் மாநிலக் கல்லூரிக்குச் சென்று, தம் பழைய வேலையைத் திருப்பித் தருமாறு கல்லூரி முதல்வரிடம் கேட்டார்.

மாணவ நண்பர்களே, என் மாணவன் என்னிடம் கேட்ட அதே கேள்விதான் இது. அம்முதல்வர் என்ன விடை கூறினார் என்பதைக் கவனியுங்கள். நூலகப் பயிற்சிக்காக அரங்கநாதனார் இங்கிலாந்துக்குச் செல்ல ஏற்பாடு ஆகியிருந்தது. முதலில் அங்கே சென்று வருமாறும், திரும்பி வந்த பிறகும் மனம் மாறாவிடின் பழைய வேலையைத் தருவதாகவும் முதல்வர் கூறினார். இவ்விடையில் மூன்று கூறுகள் உள்ளன. வந்தவரின் மனக்குறையை அவர் எள்ளி நகையாடவில்லை. உடனே வா என்று அழைத்துக்கொள்ளவும் இல்லை. அத்தொழிலை அதன் சிறந்த நிலையில் பார்த்துவிட்டு முடிவு செய் என்று வழி காட்டினார். திரும்பி வருவதற்குரிய கதவையும் திறந்து வைத்தார். நான் கூறிய ‘பொறுத்துக்கொள்’ என்னும் ஒற்றைச் சொல்லில் வழியும் இல்லை, கதவும் இல்லை.

அரங்கநாதனார் இலண்டன் சென்றார். அங்குள்ள பல்கலைக்கழகக் கல்லூரியில் பெர்விக் சேயர்ஸ் என்னும் நூலக அறிஞரின் வழிகாட்டலைப் பெற்றார். அந்நாட்டின் பற்பல நூல்நிலையங்களை நேரிற் கண்டார். அங்கே குழந்தைகள் வந்தனர், ஆலைத் தொழிலாளர் வந்தனர், இல்லத்தரசியர் வந்தனர். சென்னையில் தாம் கண்ட அமைதியான அறைக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டை அவர் உணர்ந்தார். தாம் வெறுத்தது நூலகத் தொழிலை அன்று, அது நடைபெறாமல் கிடந்த நிலையையே என்பது அவருக்குத் தெளிவாயிற்று. எழுத்தறிவு குறைந்த தம் நாட்டுக்கு இத்தகைய நூல்நிலையங்கள் எத்துணை வேண்டும் என்பதும் புலனாயிற்று. 1925-இல் தாயகம் திரும்பியவர் மாநிலக் கல்லூரி முதல்வரிடம் மீண்டும் வேலை கேட்டுச் செல்லவில்லை.

ஒரு தொழிலை அதன் சிறந்த நிலையில் காணாதவரையில், அது நமக்கு ஒவ்வாதது என்று முடிவு கட்டலாகாது. இஃது இவ்வரலாற்றிலிருந்து நாம் கொள்ளும் முதற் பாடம்.

இரண்டாவது பாடம் இதனினும் நுட்பமானது. கணிதத்தை விட்டு நூலகத்துக்கு வந்த அரங்கநாதனார் கணிதத்தை வாயிலில் இறக்கி வைத்துவிட்டு வந்தாரா? இல்லை. அது அவருடனேயே வந்தது.

அக்காலத்தில் உலகெங்கும் பரவியிருந்த நூற்பகுப்பு முறை, அமெரிக்கர் மெல்வில் டூயி 1876-இல் வெளியிட்ட பதின்மப் பகுப்பு முறை. அதில் அறிவுத்துறைகளெல்லாம் முன்கூட்டியே பட்டியலிடப்பட்டு, ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கொடுக்கப்பட்டிருக்கும். பட்டியலில் இல்லாத புதுப்பொருள் ஒன்றைப் பற்றி நூல் வந்தால் அதனை எங்கே வைப்பது என்னும் இடர்ப்பாடு எழும். இதனை எண்ணியெண்ணிப் பார்த்த அரங்கநாதனார், இலண்டன் அங்காடி ஒன்றில் மெக்கானோ என்னும் விளையாட்டுக் கருவியைக் கண்டார். துளையிட்ட சில தகடுகள், சக்கரங்கள், திருகாணிகள் ஆகியவையே அதில் இருந்தன. அவற்றையே மாற்றி மாற்றிப் பூட்டினால் ஒரு போது வண்டியாகும், ஒரு போது பாரந்தூக்கியாகும். நூற்பொருளையும் இவ்வாறே சில அடிப்படைக் கூறுகளாகப் பிரித்து, வேண்டியபடி இணைத்துக்கொள்ளலாமே என்னும் எண்ணம் அவருக்கு உதித்தது.

ஓர் எடுத்துக்காட்டால் இதனை விளக்குவேன். ‘தஞ்சை மாவட்டத்தில் நெற்பயிருக்கு வரும் நோய்’ என்று ஒரு நூல் இருப்பதாகக் கொள்வோம். வேளாண்மை என்பது துறை. நெல் என்பது பயிர். நோய் என்பது அதற்கு நேர்வது. தஞ்சை என்பது இடம். ஒவ்வொரு கூறுக்கும் ஒரு குறி கொடுத்து, இடையே முக்காற்புள்ளி போன்ற அடையாளங்களை இட்டு இணைத்தால், எவ்வளவு புதிய பொருளாயினும் அதற்கென ஓர் இடம் அமைந்துவிடும். நம் நெடுங்கணக்கிலேயே இதற்கு ஒப்புமை உண்டு. உயிர் 12, மெய் 18. இவை கூடியே 216 உயிர்மெய்களைத் தருகின்றன. இம்முறையில் அமைந்த கோலன் பகுப்பு முறை 1933-இல் நூலாக வெளிவந்தது. சிலவற்றைச் சேர்த்துப் பலவற்றை ஆக்குவது கணித நெஞ்சத்தின் வேலை. கணித ஆசிரியர் ஒருவர் நூலகத்துள் நுழைந்திராவிடின் இம்முறை தோன்றியிருக்குமோ என்பது ஐயமே.

அவரோடு கணிதம் மட்டும் வரவில்லை; ஆசிரியமும் வந்தது. சென்னைப் பல்கலைக்கழக நூலகத்தில் வாசகர் தாமே அலமாரிக்குச் சென்று நூலை எடுத்துப் பார்க்க வழி செய்தார். வேண்டிய நூலைத் தேடித் தந்து உதவுவதற்கென்று பணியாளரை அமர்த்தினார். மாணவனின் தேவை அறிந்து கற்பிக்கும் ஆசிரியரின் மனமே இவற்றுள் வேலை செய்தது. 1928-இல் சென்னை நூலகச் சங்கம் தோன்றுவதற்குக் காரணராக இருந்தார். 1929-இல் நூலகர்க்கென ஒரு பயிற்சி வகுப்பைத் தொடங்கி, மீண்டும் கரும்பலகையின் முன் நின்றார். 1931-இல் நூலகத் துறையின் ஐந்து விதிகளை விளக்கும் அவருடைய நூல் வெளிவந்தது. பூட்டி வைத்த நூலால் உலகுக்குப் பயனில்லை என்பதும், ஒவ்வொருவருக்கும் உரிய நூல் அவரவர் கைக்குச் சென்று சேர வேண்டும் என்பதும், தேடி வருவோரின் பொழுது வீணாகலாகாது என்பதும் அந்நூல் வற்புறுத்தும் கருத்துகள். அதே ஆண்டில் மன்னார்குடியை அடுத்த மேலவாசலில், மாட்டுவண்டியில் நூல்களை ஏற்றிக்கொண்டு சிற்றூர்களுக்குச் செல்லும் நடமாடும் நூலகம் தொடங்கப்பெற்றது. சென்னையில் ஆளின்றிக் கிடந்த அறையில் தொடங்கிய ஒரு பணி, ஏழே ஆண்டுகளில் சிற்றூரின் மண்சாலைக்கு வந்து சேர்ந்துவிட்டது!

மூன்றாவதாக, மனநிறைவு தரும் பணியிலும் தடைகள் உண்டு என்பதை மறவாதீர்கள். நாட்டில் பொது நூலகங்கள் பெருக ஒரு சட்டம் வேண்டும் என்று கருதி, 1930-இலேயே அதற்கு ஒரு முன்வரைவை அவர் ஆயத்தம் செய்தார். சென்னைப் பொது நூலகச் சட்டம் நிறைவேறியதோ 1948-இல்தான். பதினெட்டு ஆண்டுகள்! விடுதலை பெற்ற இந்தியாவில் அவ்வகையில் முதலில் எழுந்த சட்டம் அது. உங்கள் வீட்டு வரியோடு சேர்த்து நூலக வரி என ஒரு சிறு தொகை செலுத்தப்படுவதைக் கண்டிருப்பீர்கள். அது அச்சட்டத்தின் வழி வந்ததே. மனநிறைவு என்பது நாள்தோறும் இனித்துக்கொண்டே இருப்பது என்று எண்ணுவோர் பதினெட்டு ஆண்டு காத்திருக்க மாட்டார்கள்.

அவர் வாழ்க்கை அங்கேயே நின்றுவிடவும் இல்லை. சென்னைப் பணியிலிருந்து விலகியபின், காசி இந்துப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்த டாக்டர் இராதாகிருஷ்ணன் அழைக்க, 1945-இல் அங்கே சென்று அந்நூலகத்தை ஒழுங்குசெய்யும் பெரும்பணியை ஏற்றார். அப்போது அவருக்கு வயது ஐம்பத்து மூன்று. 1947-இல் தில்லிப் பல்கலைக்கழகம் சென்றார். நூலகவியலுக்கென ஒரு பேராசிரியர் பதவி நிறுவுவதற்காகத் தம் சேமிப்பிலிருந்து ஒரு லட்சம் ரூபாயைச் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு வழங்கினார். அப்பதவிக்குத் தம் துணைவியார் சாரதா அம்மையாரின் பெயரை வைத்தார். 1962-இல், எழுபது வயதில், பெங்களூரில் ஆவணவியல் ஆராய்ச்சி, பயிற்சி மையத்தை நிறுவினார். 1972-இல் மறையும்வரை அவர் பணி ஓயவில்லை. ஊதியம் மிகுதி என்பதற்காக ஏற்று, சில நாளில் வெறுத்து, விட்டு ஓட நினைத்த தொழில் அது!

இதைக் கேட்கும் உங்களுள் ஒருவர், “ஐயா, அப்படியாயின் எந்தத் தொழிலையும் விட்டு விலகவே கூடாதோ?” என்று வினவலாம். விலகலாம், விலக வேண்டிய நேரமும் உண்டு. அதற்கும் ஒரு சான்று தருகிறேன். சர் சி. வி. இராமன் 1907-இல் இந்திய அரசின் நிதித்துறையில் உயர்பதவி ஏற்றார். கல்கத்தாவில் பகலில் கணக்கு அலுவலகம். காலையிலும் மாலையிலும் இந்திய விஞ்ஞான வளர்ச்சிக் கழகத்தின் ஆய்வுக்கூடம். இவ்வாறு பத்தாண்டுகள் சென்றபின், 1917-இல் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் பதவிக்காக அரசுப் பதவியைத் துறந்தார். புதிய பதவியில் ஊதியம் குறைவு. 1928-இல் அவர் கண்டுபிடித்த ஒளிச்சிதறல் விளைவுக்கு 1930-இல் நோபல் பரிசு கிடைத்தது. அவர் ஒரு நாள் மனக்கசப்பால் வேலையை உதறியவர் அல்லர். எதை நோக்கிச் செல்கிறோம் என்பதைப் பத்தாண்டு செய்து பார்த்து அறிந்தபின் சென்றவர். கசப்பால் விலகுவது வேறு. ஒன்றை அறிந்து அதை நாடிச் செல்வது வேறு.

மேலும் ஒன்று கேட்பீர்கள். “அரங்கநாதனாருக்கு இலண்டன் செல்லும் வாய்ப்பு இருந்தது. என் சம்பளத்தை எதிர்பார்த்து வீட்டில் நான்கு பேர் இருக்கிறார்கள். நான் எங்கே போய் எதைப் பார்ப்பது?” நியாயமான கேள்வி. ஆனால் ஒரு தொழிலின் சிறந்த நிலையைக் காணக் கப்பலேற வேண்டுவதில்லை. உங்கள் ஊரிலேயே நல்ல தச்சர் ஒருவர் இருப்பார். பிழையின்றிக் கணக்கு எழுதும் கணக்கர் இருப்பார். நோயாளிகள் பெயர் சொல்லி வாழ்த்தும் செவிலியர் இருப்பார். நிலத்தைத் துல்லியமாக அளக்கும் அளவர் இருப்பார். ஒரு விடுமுறை நாளில் அவரிடம் சென்று, “ஐயா, ஒரு நாள் தங்களுடன் இருந்து பார்க்கலாமா?” என்று கேளுங்கள். “அம்மா, இவ்வேலையில் தங்களுக்குப் பிடித்தது எது, கடினமானது எது?” என்று கேளுங்கள். வேலையை நேசிப்பவர் இக்கேள்விக்கு முகம் சுளிக்க மாட்டார். என் மாணவனுக்கு நான் செய்திருக்க வேண்டியது இதுதான். எந்திரங்களைத் தம் கைபோல் அறிந்த ஒருவரிடம் அவனை அழைத்துச் சென்று, ஒரு நாள் உடனிருக்கச் செய்திருக்க வேண்டும். அதன் பிறகும் தோட்டமே வேண்டும் என்று அவன் கூறியிருப்பானாயின், அவன் தந்தையாரிடம் அவனுக்காக நானே பேசியிருக்க வேண்டும்.

அடுத்து, மனம் கசக்கும்போது அக்கசப்பின் காரணத்தைப் பிரித்துப் பாருங்கள். வேலை கசக்கிறதா, வேலை செய்யும் இடம் கசக்கிறதா, உடனிருப்பவர் கசக்கின்றனரா, அல்லது நமக்கு அவ்வேலை இன்னும் கைவராமையால் கசக்கிறதா? இடம் பிடிக்காமைக்காகத் தொழிலையே விடுவது, தலையணை உறுத்துகிறது என்று வீட்டை விற்பது போலாகும். கைவராமையால் வரும் கசப்பு பழக்கத்தால் தீரும். ஆனால் உழைத்த கூலியை மறுக்கும் இடத்திலும், மானத்தைக் குலைக்கும் இடத்திலும், உடல்நலத்தைக் கெடுக்கும் இடத்திலும் பொறுமை காட்டுவது அறமன்று. அங்கிருந்து விலகுவதற்கு நீங்கள் ஒருவருக்கும் விளக்கம் சொல்ல வேண்டுவதில்லை.

கடைசியாக, இருக்கும் நாள்வரையில் முழு மனத்தோடு இருங்கள். நாளையே விலகப் போவதாயினும் இன்று கற்க வேண்டியதைக் கற்றுக்கொள்ளுங்கள். இதனை என் வாழ்விலும் கண்டிருக்கிறேன். ஆசிரியப் பயிற்சிக்குச் செல்லுமுன், ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் மூன்றாண்டு எழுத்தராக இருந்தேன். பற்று, வரவு, வட்டி, தவணை என்று நாள் முழுவதும் எண்களோடு போராட்டம். வீணாகப் போன மூன்றாண்டுகள் என்றே அப்போது எண்ணினேன். பின்னாளில் எட்டாம் வகுப்பில் கூட்டுவட்டிக் கணக்கு நடத்தும்போது, கடன் வாங்கிய குடியானவர் ஒருவர் தவணை தவறினால் என்ன ஆகும் என்பதைக் கரும்பலகையில் காட்டினேன். பின் வரிசைப் பையன்களும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். அவர்கள் வீட்டில் நடப்பதை அல்லவா நான் சொல்லிக்கொண்டிருந்தேன்! அம்மூன்றாண்டுகள் எங்கும் போய்விடவில்லை என்பது அன்று எனக்குப் புரிந்தது. என் மாணவன் ஏழாண்டுகளில் அரைமனத்தோடு கற்றதே இன்று அவனுக்குச் சோறு போடுகிறதெனில், முழுமனத்தோடு கற்றிருந்தால் எத்துணை உதவியிருக்கும்! அதைத்தான் அவன் என்னிடம் சொல்ல வந்தான் போலும்.

ஓய்வு பெற்ற முதல் ஆண்டில் நானும் அரங்கநாதனாரைப் போலவே பொழுது நகராமல் தவித்தேன். மணியடிக்காத காலைப் பொழுது எனக்குப் பழக்கமில்லாதது. பிறகு எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் மாலை இரண்டு மணி நேரம் சென்று அமர்வதை வழக்கமாக்கிக்கொண்டேன். தேர்வுக்குப் படிக்க வரும் பிள்ளைகளுக்கு வேண்டிய நூலைத் தேடித் தருகிறேன். கணக்கில் ஐயம் கேட்டால் விளக்குகிறேன். ஊதியமில்லை, பதவிப் பெயரும் இல்லை. ஆயினும் நான் இப்போதும் ஆசிரியனே என்னும் உணர்வு எனக்கு இருக்கிறது.

சென்ற வாரம் அங்கே கல்லூரி மாணவி ஒருத்தி வந்தாள். “தாத்தா, நான் படிக்கும் படிப்பு எனக்குப் பிடிக்கவில்லை, என்ன செய்யட்டும்?” என்று கேட்டாள். இம்முறை நான் பொறுத்துக்கொள் என்று சொல்லவில்லை. கையிலிருந்த நூலை மூடி வைத்துவிட்டு, பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு, “உட்கார் அம்மா. எது பிடிக்கவில்லை என்று முதலில் சொல்” என்றேன். அவள் பேசி முடிக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. வருகிற ஞாயிற்றுக்கிழமை, அவள் படிக்கும் துறையில் நெடுநாள் பணியாற்றிய ஒருவரிடம் அவளை அழைத்துச் செல்வதாக இருக்கிறேன். அவள் அத்துறையில் நிற்பாளோ, விலகுவாளோ, நான் அறியேன். பார்த்த பிறகு அவளே முடிவு செய்வாள்.

மாணவ மாணவியரே, உங்கள் முன் நீண்ட வாழ்நாள் இருக்கிறது. அதில் பணிகள் மாறலாம், ஊர்கள் மாறலாம். ஒரு பணியில் நீங்கள் உண்மையாகக் கற்றது எதுவோ அது உங்களை விட்டு நீங்காது. அந்த நம்பிக்கையோடு எப்பணியிலும் நுழையுங்கள். அதன் சிறந்த நிலையைத் தேடிச் சென்று காணுங்கள். கண்டபின் நிற்பதாயினும் செல்வதாயினும் தெளிந்த மனத்தோடு செய்யுங்கள்.